ஏழாவது ஸ்பூன்

ஜூன் 19, வியாழன்

முதலில் மானம் போன கதையை எழுதிவிடுகிறேன். நாள் கழிந்தால் நானே அதை நாகரிகமாக மாற்றிவிடுவேன்.

இன்று ஆஸ்பத்திரியில், விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா மேடம் என் வீட்டுக்காரரின் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, "விழுங்குங்க சார்" என்றார். அவர் விழுங்கவில்லை. நான் விழுங்கினேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி, மொடக்கென்று. மேடம் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு நல்லா வேலை செய்யுதுங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் என் உடம்பில் ஏதோ ஒன்று நன்றாக வேலை செய்கிறது என்று படித்தவர் ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். மே மாதக் கடைசியில் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் விழுங்குகிற திறமையும் ஒன்றாக லீவு போட்டுவிட்டன. கை மெதுவாக வரும், பேச்சும் வரும் என்கிறார்கள். விழுங்குவதுதான் ஆபத்தாம். தண்ணீர் மாதிரி ஓடுகிற எதைக் கொடுத்தாலும் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடுமாம்.

"எதுவா இருந்தாலும் தேன் பதத்துல இருக்கணும்" என்றார் மேடம். "ஸ்பூனைச் சாய்ச்சா ஓடக்கூடாது, இறங்கணும். சாப்பிடும்போது இருமினார்னா நிறுத்திருங்க. ஆகஸ்ட் ஆறாம் தேதி மறுபடி பாக்கறேன். அதுவரைக்கும் இருமல் நிக்கலைன்னா திரும்ப மூக்குல குழாய்தான், வேற வழியில்ல."

அந்தக் குழாயை அவர் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். மூன்றாவது முறை அவருடைய நல்ல கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். அப்போது அவர் என்னைப் பார்த்தார். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பா மாவு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாய் வைத்ததும் உதட்டை இழுத்து மூடிக்கொண்டார். மழைக்கு ஷட்டர் இறக்குகிற கடைக்காரர் மாதிரி.

மேடத்துக்குப் போன் செய்தேன். வீட்டு மாவும் போடலாம், ஆனால் பதம் மாறக்கூடாது என்றார். சோள மாவில் செய்து பார்த்தேன், பள்ளிக்கூடத்துச் சுவர் வாசனை. அரிசி மாவில் செய்து பார்த்தேன், ஆறியதும் கட்டியாகி என்னை முறைத்தது. கடைசியில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளப் பக்கத்துக் கடை ஒன்றில் கூவைக்கிழங்கு மாவு, ஆரோரூட் என்பார்களே அது, வாங்கி வந்தேன். தொட்டால் பவுடர் மாதிரி. விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் பனியில் நடக்கிற சத்தம் வருமென்று தோன்றுகிறது. நான் பனியில் நடந்ததில்லை. இருந்தாலும் தோன்றுகிறது.

முதல் தடவை கொதிக்கிற சூப்பில் மாவை நேராகக் கொட்டினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாக மிதந்தது. இருபத்தேழு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள் செய்கிற காரியமா? பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். இரண்டாவது தடவை சரியாக வந்தது. சூப்பு முதலில் பால் மாதிரி வெளுக்கும். கிண்டிக்கொண்டே இருந்தால் ஒரு நொடியில், எந்த நொடி என்று பிடிக்க முடியாதபடி, வெள்ளை போய்க் கண்ணாடியாகிவிடும். அடியில் கிடக்கும் கேரட் துண்டு, குளத்துத் தரை மாதிரி தெரியும். மூன்று தடவை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அந்த நொடியைக் கோட்டைவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

நங்கை வந்து இறங்கினார். நங்கை என்றால் அவருடைய அக்கா, ராமாத்தாள். உடுமலையிலிருந்து ஒரு பை, ஒரு சொம்பு, சொந்தத் தட்டு. அடுத்தவர் வீட்டுத் தட்டில் சாப்பிட மாட்டார். எச்சில் விஷயத்தில் அவரிடம் போலீஸ் தோற்கும். ஒரு டம்ளரை யாராவது வாய் வைத்துக் குடித்துவிட்டால் அந்த டம்ளருக்குப் புளி போட்டுத் தேய்த்துப் புது வாழ்வு கொடுத்த பிறகுதான் தூங்குவார்.

நான் ரசத்தில் கூவை மாவைக் கரைத்து ஊற்றுவதைப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏ அம்முணி, ரசத்துல மாவா?"

"ஆமாங் நங்கை. டாக்டருங்க சொன்னது."

"நீ என்ன, சமைக்கறயா, போஸ்டர் ஒட்டறயா?"

எனக்கே சிரிப்பு வந்தது. புளிக்கும் மாவுக்கும் ஆகவே ஆகாது, ரசத்துக்கு ஒரு ஸ்பூன் கூடவே போட வேண்டியிருக்கிறது. கரண்டியில் எடுத்தால் ரசம் கம்பீரமாக, யோசித்து யோசித்து இறங்குகிறது.

ஜூன் 25, புதன்

அவர் வாயைத் திறக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நங்கை கோயிலுக்குப் போயிருந்தபோது. என்ன வழி என்று இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார்.

ஜூன் 28, சனி

சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற இந்த மழை விழுவதே இல்லை, அந்தரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். நங்கை பின்கட்டில் தூக்கம். அவர் கட்டிலில் தூக்கம். நான் நாற்காலியில் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒன்றில் இருந்தேன்.

அவர் தூக்கத்தில், "உடு...மலே... தாரா...புரம்..." என்றார். வார்த்தைகள் பாதி கரைந்து வந்தன. விழித்திருக்கும்போது "ம்" மட்டும்தான். தூக்கத்தில் பஸ்களை அனுப்புகிறார்.

அப்புறம் நானும் அந்த பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். மழை தேன் மாதிரி மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்கள் அதற்குள்ளே மிதந்து வந்தன, டயர் சுற்றவே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், எல்லாரும் மெதுவாகக் கையசைத்தார்கள். அவர் மேடையில் விசிலோடு நிற்கிறார், ஊதவில்லை. ஊதாததால் எந்த பஸ்சும் என்னைத் தாண்டிப் போகவில்லை. நல்லாத்தான் இருந்தது.

கண் விழித்தபோது அடுப்பில் பாசிப்பயறு அடிப்பிடித்திருந்தது.

ஜூலை 2, புதன்

இன்று இருமினார்.

மத்தியானம் கோழி சூப்பு. பதம் அருமை, நானே சாய்த்துப் பார்த்தேன். ஊட்டும்போது ஊர்க்கதை சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. அவர் கேட்கிறாரா என்று தெரியாது. எனக்குச் சும்மா இருக்க வராது. எதிர்வீட்டு இன்சூரன்ஸ் திருமூர்த்தியின் டோப்பா கதையை எடுத்தேன். ஆனிக் காத்தில் அது பறந்து மூன்றாம் வீட்டுக் காம்பவுண்டில் விழுந்திருக்கிறது. திருமூர்த்தி கேட்டுக்கு வெளியே தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, "ஏனுங், எங்கூட்டுப் பூனைக்குட்டி உங்கூட்டுக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள், "வந்துச்சுங், பால் வெச்சேன், குடிக்கவே மாட்டீங்குது" என்றிருக்கிறாள்.

நான் எழுந்து நின்று திருமூர்த்தி மாதிரியே தலையைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினேன். உட்கார்ந்து அடுத்த ஸ்பூனைக் கொடுத்தேன். இருமல். முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்பி, தோள் குலுங்கி. நான் கிண்ணத்தைப் போட்டுவிட்டு முதுகைத் தட்டினேன். நங்கை சாமி பெயரெல்லாம் சொன்னார்.

கிண்ணத்தில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர். தேன் பதத்தில் நான் வைத்த சூப்பு, வெறும் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது.

ஜூலை 5, சனி

மறுபடியும். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்: ஏழாவது ஸ்பூன். ஆரம்பத்தில் கெட்டி, ஏழாவதில் தண்ணீர், இருமல்.

சாயந்திரம் உடம்பு லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பது. நங்கை, "காத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். காய்ச்சலடித்தால் உடனே சொல்லச் சொன்னார் மேடம். சொன்னால் குழாய். சொல்லாவிட்டால்? போனைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னேன். நாளை காலை வரை பார்ப்போம் என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

இறங்கிவிட்டது.

ஜூலை 9, புதன்

துப்பறிகிறேன். யார் என் சூப்பில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

மாவுக்காரன் ஏமாற்றியிருக்கலாம். கேட்டால், "அம்மா, இந்த மாவுலதான் எம்பொண்ணே வளந்துச்சு" என்றான். அந்தப் பெண்ணையும் பார்த்தேன், நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறாள். மூடியிலிருந்து ஆவி சொட்டுகிறதோ என்று மூடாமல் வைத்தேன், ஈ விழுந்தது. எவர்சில்வரை விட்டுப் பீங்கானுக்கு மாறினேன். நங்கைமேல்கூட எனக்குச் சந்தேகம், ரசத்தை ரசமாக்க ரகசியமாகத் தண்ணீர் விடுகிறாரோ என்று. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஒளிந்திருந்தேன். அவர் வந்து என் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனார். சர்க்கரை வியாதிக்காரர்! இதை வைத்துப் பத்து வருஷம் ஓட்டலாம். ஆனால் சூப்பு ரகசியம் அதில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எனக்குத் தலைவலி என்று நங்கை ஊட்டினார். கிண்ணத்தில் எடுக்க ஒரு கரண்டி, வாய்க்கு ஒரு ஸ்பூன். ஒன்றோடு ஒன்று உரசக்கூடாது. பரீட்சை ஹால் மாதிரி நிசப்தம். ஐந்தே வாய் சாப்பிட்டுவிட்டு மூடிக்கொண்டார். ஆனால் இருமவில்லை. சூப்பும் கடைசிவரை கெட்டி.

எனக்கு வந்தது சந்தோஷம்தான் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு கிண்ணம் வைத்துப் பார்த்தேன். ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்த சூப்பு. ஒன்றை நான் ஊட்டினேன், மற்றது சும்மா ஜன்னலில் இருந்தது. ஊட்டியது ஏழாவதில் தண்ணீர். அவரும் சொல்லிவைத்தாற்போல் இருமினார். ஜன்னலில் இருந்தது அசையாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"வாயில வெச்ச ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்துல போடுறீங்களா?"

"எங்கூட்லயா? அந்தப் பேச்சுக்கே இடமில்லீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. எச்சில்ல ஒரு பொருள் இருக்கு, மாவைக் கரைச்சிரும். கொஞ்சம் பட்டாலே போதும், சித்த நேரத்துல தண்ணியாயிரும்."

நான் யோசித்தேன். நீண்ட நேரம் யோசித்தேன் போலிருக்கிறது. "ஹலோ? ஹலோ?" என்றார்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

அவர் வாயைத் திறக்க நான் கண்டுபிடித்த வழி இதுதான். முதலில் நான் ஒரு வாய் சாப்பிடுவேன். அதே ஸ்பூனில். அப்புறம் அவர் திறப்பார். ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் அவருக்கு. நங்கை எட்டிப்பார்த்தால் சூடு பார்ப்பதாகச் சொல்வேன். சூடு பார்க்கக் கிண்ணத்துக்கு ஏழு தடவை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட இலையிலேயே பெண்ணை உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நங்கை அன்று முறைத்தது போன வருஷம்தான் கொஞ்சம் தளர்ந்தது. அவர் மட்டும் எழுந்துபோய்ப் புது இலை எடுத்து வந்து போட்டார். இருபத்தேழு வருஷம் எங்கள் வீட்டில் அவர் டம்ளர் வேறு, என் டம்ளர் வேறு. இந்தக் கொள்கையைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான், என் எச்சிலால் அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

புது முறை. பெரிய கிண்ணத்திலிருந்து சுத்தமான கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டிக் கிண்ணத்துக்கு மாற்றுவது. அவருக்குத் தனி ஸ்பூன். எனக்கு ஒன்றுமில்லை. பேச்சும் இல்லை, கவனம் சிதறினால் கரண்டி மாறிவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வந்தபோது ஸ்பூனை ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். எட்டு. ஒன்பது. இருமவில்லை.

வாயை மட்டும் மெதுவாகத்தான் திறக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் என் முகத்தையே பார்க்கிறார், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

நங்கை, "இப்பத்தான் நீ ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கறே" என்று சொல்லிவிட்டு உடுமலைக்குக் கிளம்பினார். சர்க்கரை டப்பா பாதி.

ஜூலை 24, வியாழன்

இருமல் இல்லை. காத்து. திருமூர்த்தி மொட்டைத் தலையோடே நடமாட ஆரம்பித்துவிட்டார். சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

இருமல் இல்லை.

பேச்சுப் பயிற்சியில் இன்று "தண்ணி" என்று முழுசாகச் சொன்னார். கொடுக்க முடியாத பொருளின் பெயரைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருக்கிறார். கூவை மாவு கலந்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

தெருவே ஆற்றுக்குப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேர்தான். வெயிலும் சாரலும் ஒன்றாக விழுந்தன. முற்றம் முழுக்க ஒரு மங்கலான மஞ்சள். அதற்குள் உட்கார்ந்திருந்தால் எந்த வருஷம் என்றே தெரியவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்று, மே மாதம், காலையில் காபி வைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. முந்தின நாள் ஒரு சின்னச் சண்டை. எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை. கோபத்தில் பேசாமல் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் இருந்தபடியே திட்டினேன். நன்றாகத் திட்டினேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் குரல் மாதிரி, அவர் அம்மா குரல் மாதிரியெல்லாம் பேசிக்காட்டித் திட்டினேன். அரைமணி நேரம். அப்புறம்தான் போய்ப் பார்த்தேன்.

சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தார், தெரியவில்லை என்றேன்.

இவ்வளவுதான். தேங்காய்ப்பால் சூப்பு நன்றாக வந்தது. இருமல் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெசிந்தா மேடம் ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்தார். மாவு இல்லாத, வெறும் தண்ணீர். இவ்வளவு தெளிவாக ஒரு பொருளை நான் பார்த்து இரண்டு மாதமாகிறது. பயமாக இருந்தது.

ஒரு ஸ்பூன். விரல் தொண்டையில். மேலே போனது, இறங்கியது. காத்திருந்தோம். இரண்டாவது. மூன்றாவது. அப்புறம் டம்ளரையே இடது கையில் கொடுத்தார். அவர் குடித்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார். குரல் தெளிவாக இருந்தது.

"குழாய் வேண்டாம். மாவும் வேண்டாம்" என்றார் மேடம். "மெதுவா, நிமிந்து உக்காந்து குடிக்கட்டும். போதும்."

நான் அங்கேயே அழுதேன் என்று நங்கையிடம் யாராவது சொன்னால் அது பொய்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் காபி. மாவில்லாத காபி. டம்ளரைச் சாய்த்தால் ஓடுகிற காபி. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் ஆராய்ச்சியின் முழு வரலாற்றையும் சொன்னேன். மாவுக்காரன் மகள், ஈ விழுந்த கிண்ணம், ஜன்னல் கிண்ணம், எச்சில், கடைசியில் அந்த ஏழாவது ஸ்பூன். உங்கள் இருமலை நிறுத்தியது மேடமும் இல்லை, உங்க அக்காவும் இல்லை, என் மூளை என்று முடித்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பஸ்சை நிறுத்துகிற மாதிரி இடது கையைத் தூக்கினார்.

"இருமல்... இல்ல" என்றார்.

"என்னுங் மாமா?"

"அது... சிரிப்பு."

எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். நான் அவசரப்படுத்தவில்லை.

"நீ பேசுவே. ஏழெட்டு வாய்க்குள்ள... கதை முத்தும். சிரிப்பு வரும். வாயில... சூப்பு. அடக்குவேன். அதான்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

"சிரிச்சிருக்கலாமுல்லீங்? எதுக்கு அடக்குனீங்க?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல கையால் உதட்டின் வலது ஓரத்தைத் தொட்டார்.

"சிரிச்சா... வாய் கோணிக்குது."